வலது கையும் ஒரு காலும்: பிரசவ வார்டுச் செவிலியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சிஸ்டர்களே,

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தாலுகா ஆஸ்பத்திரியிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இரவு பகலாகப் பிரசவம் பார்க்கிறவர்கள் நீங்கள். இதய ஆபரேஷன் முடிந்து வரும் பச்சிளம் குழந்தைகளைக் கவனிக்கும் ஐசியூவில் வேலை பார்க்கிறவள் நான். நீங்கள் தொப்புள்கொடி வெட்டி, துடைத்து, எடை பார்த்து, தாயின் மார்பில் போட்ட பிள்ளைதான் சில நாளிலோ சில மாதத்திலோ என் கட்டிலுக்கு வருகிறது. நாம் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஆனாலும் ஒரே பிள்ளையைத் தொட்டவர்கள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறந்து சில நாளே ஆன பிள்ளையின் இதயத்தைத் திறந்து சரிசெய்யும் வித்தை இன்று நம் ஊரிலேயே இருக்கிறது. எங்களிடம் பற்றாக்குறையாக இருப்பது நாட்கள். பத்தாம் நாளில் வந்திருந்தால் ஒரே ஆபரேஷனில் முடிந்திருக்க வேண்டிய பிள்ளை இரண்டாம் மாதத்தில் வருகிறது. ஐந்தாம் மாதத்தில் வந்திருக்க வேண்டியது மூன்று வயதில், ஓட்டையை அடைக்கவே கூடாத நிலையில் வருகிறது. அந்த நாட்கள் எங்கே தொலைகின்றன என்று தேடிப் பார்த்தால், டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் மேசைக்கும் ஒன்றரை மாதத் தடுப்பூசி போடும் மேசைக்கும்தான் வந்து நிற்கவேண்டியிருக்கிறது. அதனால்தான் டாக்டர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பிறக்கிற 1000 குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்கு இதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் கோளாறு இருக்கும். இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முதல் பிறந்தநாளுக்கு முன்பே ஆபரேஷனோ கதீட்டர் சிகிச்சையோ தேவைப்படும். உங்கள் ஆஸ்பத்திரியில் ஆண்டுக்கு 1000 பிரசவம் நடக்கிறதென்றால், கணக்குப்படி அப்படிப்பட்ட பிள்ளைகள் ஏறக்குறைய இரண்டு பேர் உங்கள் வார்டு வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

அவர்கள் நோயாளி போலவே இருக்கமாட்டார்கள் என்பதுதான் சிக்கல். நன்றாக அழுவார்கள், பால் இழுத்துக் குடிப்பார்கள், அப்கார் ஒன்பது இருக்கும். கருவில் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலை கிடையாது. அதனால் நுரையீரல் தமனியிலிருந்து மகாதமனிக்கு ரத்தத்தைத் திருப்பிவிட ஒரு குட்டிக் குழாய் இருக்கும். டக்டஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். பிறந்த பிறகு இது வேண்டாத பொருள். இரண்டு மூன்று நாளில் சுருங்கி மூடத் தொடங்கும். நல்ல இதயம் உள்ள பிள்ளைக்கு அது மூடினால் நல்லது. ஆனால் நுரையீரலுக்குப் போகும் வழி அடைபட்டோ, மகாதமனி குறுகியோ பிறந்த பிள்ளைக்கு அந்தக் குழாய்தான் உயிர். அது திறந்திருக்கும் வரை பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும். மூடியதும் சில மணி நேரத்தில் நிறம் மாறி, கைகால் சில்லிட்டு, மூச்சு இரைக்கும். "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான்மா இருந்துச்சு" என்று எங்கள் வாசலில் அழுகிற பாட்டிகள் பொய் சொல்லவில்லை. பிரசவம் முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்புகிறோம். அந்தக் குழாயும் ஏறக்குறைய அதே நாளில் மூடுகிறது.

ஒரே ஒரு கோளாறை எடுத்துக்கொண்டு சற்று நின்று பார்ப்போம். இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெருங்குழாய்களும் இடம் மாறிப் பிறப்பது. மகாதமனி வலது அறையிலிருந்தும் நுரையீரல் தமனி இடது அறையிலிருந்தும் கிளம்பியிருக்கும். உடம்பிலிருந்து வந்த கெட்ட ரத்தம் மறுபடி உடம்புக்கே போகும்; நுரையீரலில் சுத்தமான ரத்தம் மறுபடி நுரையீரலுக்கே போகும். இரண்டும் கலக்க டக்டஸோ மேலறைச் சுவரில் உள்ள துளையோ இருந்தால்தான் பிள்ளை பிழைக்கும். 1966இல் பிலடெல்பியாவில் வில்லியம் ராஷ்கைண்ட் என்ற டாக்டர், நுனியில் பலூன் வைத்த கதீட்டரை உள்ளே செலுத்தி, பலூனை ஊதி வெடுக்கென்று இழுத்து அந்தத் துளையைப் பெரிதாக்கிக் காட்டினார். இன்றும் அதைச் செய்கிறோம். 1970களின் நடுவில் புரோஸ்டாகிளாண்டின் மருந்து வந்தது. அதைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் மூடுகிற டக்டஸ் திறந்தே நிற்கும். இரண்டுமே அவகாசம் வாங்கித் தருபவைதான். முழுத் தீர்வு ஆபரேஷனில்.

அந்த ஆபரேஷனை முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் அதிப் ஜடேனே, 1975இல். இரண்டு குழாய்களையும் வால்வுக்கு மேலே அறுத்து இடம் மாற்றித் தைப்பது கேட்பதற்கு எளிது. ஆனால் மகாதமனியின் அடியிலிருந்துதான் இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகள் கிளம்புகின்றன. பிறந்த பிள்ளைக்கு அவை ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் அகலம்தான். அவற்றையும் ஒரு சிறு பொத்தான் அளவு சதையோடு வெட்டியெடுத்துப் புது இடத்தில் பதிக்க வேண்டும். லேசாக முறுக்கினாலோ இழுபட்டாலோ இதயம் நின்றுவிடும். பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள். மூன்று கிலோ பிள்ளையின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறத்தாழ 250 மில்லி, ஒரு டம்ளர் காபி அளவுதான். இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை நிரப்ப அதே அளவு தானம் செய்த ரத்தம் வேண்டியிருக்கும். உடம்பைக் குளிரவைத்து, பொட்டாசியம் கலந்த திரவத்தால் இதயத்தை நிறுத்தி, பிள்ளையின் மூடிய கைப்பிடி அளவே உள்ள அந்த இதயத்தில் வேலை நடக்கும்.

பிறகு எங்களிடம் வருவார்கள். சிலருக்கு மார்பெலும்பை உடனே மூடாமல், மேலே ஒரு தகடு மட்டும் ஒட்டி அனுப்புவார்கள். இதயம் வீங்கியிருக்கும், மூடினால் நசுங்கும். அந்தத் தகட்டின் அடியில் துடிப்பு கண்ணுக்கே தெரியும். முதல் இரவுதான் கடினம். ஆபரேஷன் முடிந்து ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இதயம் ஒருமுறை தளரும் என்று தெரிந்தே காத்திருப்போம். மணிக்கு எத்தனை சொட்டு மூத்திரம், கால் விரல் சூடாக இருக்கிறதா, லாக்டேட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே விடியும். நல்ல மையங்களில் இந்த ஆபரேஷன் செய்த நூறில் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிழைக்கிறார்கள். உரிய நாளில் வந்தவர்களுக்கான கணக்கு அது.

உரிய நாள் என்பது எது? இந்தக் கோளாறில் இடது அறை நுரையீரலுக்கு மட்டும் ரத்தம் தள்ளுகிறது. பிறந்த சில வாரங்களில் ரத்த ஓட்டத்துக்கு நுரையீரல் காட்டும் எதிர்ப்பு குறைந்துவிடும். உழைப்பு குறைந்த அந்த அறையின் தசை மெலியத் தொடங்கும். அப்புறம் குழாயை மாற்றி வைத்தாலும் உடம்பு முழுவதற்கும் ரத்தம் தள்ள அதற்குத் தெம்பு இருக்காது. அதனால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்துவிட வேண்டும் என்பார்கள். தாமதமாக வருகிறவர்களுக்கும் சில வழிகள் உண்டு. ஆனால் அவை நீண்டவை, ஆபத்து கூடியவை.

"எடை கொஞ்சம் ஏறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கு வருகிறேன். எங்களிடம் தாமதமாக வரும் பெற்றோரில் பாதிப்பேர் சொல்லும் காரணம் இதுதான். இதைக் கிராமத்துப் பாட்டியின் அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். மருத்துவர்களே ஒருகாலத்தில் சொல்லிக்கொடுத்த பாடம்தான் இது; அது எப்படி வந்ததென்று சொல்கிறேன். 1944 நவம்பரில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் பிளேலாக், உடம்பு நீலம் பாரித்த, ஐந்து கிலோகூட இல்லாத 15 மாதக் குழந்தைக்கு, கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்தார். யோசனை தந்தவர் காது மந்தமாகிப்போய் விரல் நுனியாலேயே இதயத் துடிப்பைப் படித்த ஹெலன் டௌசிக் என்ற பெண் மருத்துவர். நாய்களுக்குச் செய்துபார்த்து வழியைக் கண்டது விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், டாக்டர் பட்டம் இல்லாதவர், ஆய்வுக்கூட உதவியாளர். அன்று பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, எங்கே எப்படித் தைப்பதென்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இணைப்புக்கு மற்ற இருவர் பெயரும் வைக்கப்பட்டது. தாமஸின் பெயரையும் சேர்த்துச் சொல்வது பல காலம் கழித்துத்தான் வழக்கத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் பெயர் வராத வேலை செய்கிற நமக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சற்று நீட்டிவிட்டேன்.

அந்த இணைப்பு, கோளாறைச் சரிசெய்யவில்லை. நீலம் குறைத்து, பிள்ளை வளர அவகாசம் தந்தது. 1954இல் மினசோட்டாவில் வால்டன் லில்லிஹை, பிள்ளையின் ரத்தக் குழாயைத் தாய் அல்லது தகப்பனின் ரத்தக் குழாயோடு இணைத்து, பெற்றவரையே இயந்திரமாக வைத்து இதயத்தைத் திறந்தார். 45 பேருக்கு அப்படிச் செய்தார். 28 பேர் பிழைத்து வீடு போனார்கள். பிறகு இயந்திரங்கள் புழக்கத்துக்கு வந்தன. ஆனால் அவை பெரியவை. பச்சிளம் உடம்பு தாங்கவில்லை. ஆகவே முதலில் தற்காலிக இணைப்பு, நாலைந்து வயதில் முழு ஆபரேஷன் என்பது வழக்கமானது. எடை ஏறட்டும் என்ற வாக்கியம் அந்தக் காலத்தது. 1960களின் இறுதியில் ஆக்லாந்தில் பிரையன் பாரட்-பாய்ஸ், கைக்குழந்தைகளின் உடம்பை ஆழமாகக் குளிரவைத்து ரத்த ஓட்டத்தையே நிறுத்தி ஆபரேஷன் செய்யலாம் என்று காட்டினார். 1970களில் பாஸ்டனில் ஆல்டோ காஸ்டனேடா, காத்திருப்பதே கெடுதல், முதலிலேயே முழுமையாகச் சரிசெய்ய வேண்டும் என்று வாதாடி, செய்தும் காட்டினார். (ஓய்வுபெற்ற பிறகு குவாத்தமாலாவுக்குப் போய் ஏழைக் குழந்தைகளுக்கு இதயப் பிரிவு தொடங்கிய மனிதர் அவர்.) அந்த வாதம் முடிந்து அரை நூற்றாண்டு ஆகிறது. நம் ஊரில் மட்டும் பழைய வாக்கியம் இன்னும் நடமாடுகிறது.

எடை விஷயத்தில் இன்னொரு முரண் உண்டு. கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை உள்ள பிள்ளைக்கு ஆபரேஷன் செய்யாமல் எடை ஏறவே ஏறாது. நுரையீரலுக்கு ரத்தம் வெள்ளமாகப் பாயும். மூச்சு விடுவதற்கே பாலின் சக்தி முழுவதும் செலவாகிவிடும். எடை ஏறட்டும் என்று காத்திருந்தால் அதற்கு முடிவே கிடையாது. சிறிய ஓட்டை தானாக மூடிக்கொள்ளும் என்பது உண்மைதான். நிறையப் பிள்ளைகளுக்கு அப்படி மூடுகிறது. எது சிறியது எது பெரியது என்று எக்கோ பார்த்துத்தான் சொல்ல முடியும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தானாக மூடியதை வைத்துச் சொல்லக் கூடாது.

பெரிய ஓட்டையை ஆறு மாதத்துக்குள், அதிகம் போனால் முதல் வயதுக்குள் அடைத்துவிட வேண்டும். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு அவசரம் இன்னும் கூடுதல். அவர்களில் பாதிப்பேருக்கு இதயக் கோளாறு இருக்கும். நாள் தள்ளினால் நுரையீரலின் சிறு ரத்தக் குழாய்கள் தடித்து, இறுகி, கடைசியில் ரத்தம் எதிர்த்திசையில் திரும்பும். பிள்ளை நீலமாகும். ஐசன்மெங்கர் என்ற வியன்னா மருத்துவர் 1897இலேயே எழுதிவைத்த நிலை இது. அதன் பிறகு ஓட்டையை அடைப்பது உயிருக்கே ஆபத்து. வெளிநோயாளிப் பிரிவில் அப்படிப்பட்ட பிள்ளைகளின் தகப்பன்மார், "இப்பத்தான் பணம் சேர்ந்துச்சு டாக்டர்" என்று சொல்லும்போது நான் பக்கத்தில் நிற்பதில்லை. ஏதாவது வேலையாகப் போய்விடுவேன்.

இந்த ஓட்டை பிறந்த அன்று தெரியாது. நுரையீரலின் எதிர்ப்பு இறங்க நாலிலிருந்து எட்டு வாரம் ஆகும். அப்போதுதான் மூச்சு வாங்கும். அந்தச் சமயத்தில்தான் ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் பிள்ளை உங்களிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ வருகிறது. ஊசி போடும் முன் எடை போட்டு, பிறந்த எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டையை அவிழ்த்து, மார்புக் கூட்டுக்குக் கீழே குழி விழுகிறதா பாருங்கள். ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். பால் எப்படிக் குடிக்கிறது என்று தாயிடம் கேளுங்கள். "ரெண்டு உறிஞ்சு உறிஞ்சுது, விட்டுட்டு மூச்சு வாங்குது, நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டுது" என்று சொன்னால் அது மாந்தமும் இல்லை, தோஷமும் இல்லை. சளிக்கு மருந்து எழுதி அனுப்பவும் கூடாது. எக்கோவுக்கு அனுப்ப வேண்டிய பிள்ளை அது.

இனி உங்கள் வார்டில் செய்ய வேண்டியது. வலது கை, ஏதாவது ஒரு கால். இரண்டிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர். பிறந்து 24 மணி நேரம் ஆன பிறகு, டிஸ்சார்ஜுக்கு முன். வலது கை ஏன் என்றால், அங்கே போகும் ரத்தம் டக்டஸுக்கு முன்னால் பிரிவது. காலுக்குப் போவது அதற்குப் பின்னால். கை அளவைவிடக் கால் அளவு குறைந்தால் கால் பக்கம் கெட்ட ரத்தம் கலக்கிறது என்று பொருள். எங்காவது 90க்குக் கீழே இருந்தால் உடனே டாக்டரை அழையுங்கள். இரண்டிலும் 95க்குக் குறையாமல் இருந்து, இரண்டுக்கும் வேறுபாடு 3க்குள் இருந்தால் தேறியது. இந்த இரண்டு வகையிலும் சேராவிட்டால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்; அப்போதும் தேறாவிட்டால் எக்கோ. அமெரிக்காவில் 2011இலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டிய சோதனைகளின் பட்டியலில் இதைச் சேர்த்துவிட்டார்கள்.

நடைமுறையில் ஒன்றிரண்டு விஷயம். பெரியவர்களின் விரலில் கவ்வுகிற கிளிப்பைப் பிள்ளைக்கு மாட்டி "நம்பரே வரல" என்று விட்டுவிடாதீர்கள். பட்டை போலச் சுற்றுகிற புரோப் வேண்டும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், விளக்கும் உணரியும் நேருக்கு நேர் வருமாறு சுற்ற வேண்டும். அழுகிற பிள்ளைக்கும் சில்லிட்ட காலுக்கும் பார்த்தால் அளவு பொய் சொல்லும். பால் கொடுத்து, காலைத் துணியில் பொதிந்து சூடாக்கிவிட்டுப் பாருங்கள். அலை சீராக ஓடும் வரை எண்ணை எழுத வேண்டாம். இதில் தேறியதாலேயே எல்லாம் சரி என்றும் ஆகாது. மகாதமனிச் சுருக்கம் இதில் தப்பிவிடக் கூடும். அதனால் இரண்டு தொடை இடுக்கிலும் விரல் வைத்துத் துடிப்பு கிடைக்கிறதா பாருங்கள். கறுத்த பிள்ளைக்கு நீலம் தோலில் தெரியாது. நாக்கைப் பார்க்க வேண்டும்.

சோதனையில் சிக்கிய பிள்ளையை அனுப்பும் விதமும் உயிர்ப் பிரச்சினைதான். நல்ல இதயத்தோடு கிளம்பியிருந்தாலும் சாகக்கூடிய அளவுக்குக் குளிர்ந்து, சர்க்கரை இறங்கி வருகிற பிள்ளைகள் உண்டு. தொப்பி, சாக்ஸ், தாயின் மார்போடு அணைப்பு, கிளம்பும் முன் ஒரு சர்க்கரைச் சோதனை. இதற்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம். புரோஸ்டாகிளாண்டின் ஓடிக்கொண்டிருந்தால் பிள்ளை மூச்சை நிறுத்திவிடக்கூடும். பேக்-மாஸ்க் பிடிக்கத் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும். பச்சிளம் குழந்தைகளுக்கென்றே 108இல் தனி ஆம்புலன்ஸ்கள் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

பணத்துக்குப் பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் குடும்பங்களிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும், மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தையும் பற்றி நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் முதலில் கிளம்பச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் திட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் 2017இல் கேரளம் தொடங்கிய 'ஹிருத்யம்' ஏற்பாட்டைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். அங்கே கோளாறு தெரிந்த பிள்ளையை ஒரே பதிவேட்டில் ஏற்றி, அவசரத்தின்படி வகை பிரித்து, எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறதோ அங்கே அனுப்புகிறார்கள். இங்கே அந்த வேலையைப் பல சமயம் ஒரு செவிலியரின் செல்போன்தான் செய்கிறது.

பிள்ளையின் தாயிடம் யாராவது பேச வேண்டும். மாமியார் வீட்டில் அவளைக் கேள்வி கேட்கத் தொடங்கியிருப்பார்கள்: என்ன தின்றாள், கிரகணத்தன்று வெளியே போனாளா என்று. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் இன்னதென்று யாராலும் காட்ட முடியாது. கர்ப்பத்துக்கு முன்பே உள்ள கட்டுப்படாத சர்க்கரை, கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் ரூபெல்லா, நெருங்கிய உறவில் திருமணம் ஆகியவை வாய்ப்பைக் கூட்டும், அவ்வளவுதான். "நீ எதுவும் தப்பு பண்ணலம்மா" என்று வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர், மாமியார் காதில் விழும்படி சொல்வது எங்கள் மருந்துகளில் பலவற்றைவிட வேலை செய்யும். அடுத்த கர்ப்பத்தில் ஐந்தாம் மாத ஸ்கேனில் இதயத்தைத் தனியாகப் பார்க்கச் சொல்லி அட்டையில் எழுதிவிடுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் இதய ஆபரேஷன் வசதி உள்ள ஊரிலேயே பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம்.

அனுப்பும் சீட்டில் "மேல் சிகிச்சைக்கு" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். பிறந்த நேரம், எடை, வலது கை அளவு, கால் அளவு, எத்தனை மணிக்குப் பார்த்தது, கடைசியாகப் பால் குடித்தது எப்போது, என்ன மருந்து ஓடுகிறது என்று எழுதினால் எங்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும். கீழே உங்கள் வார்டின் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய பிள்ளை என்ன ஆனது என்று இதுவரை யாரும் உங்களுக்குச் சொன்னதில்லை. எண் இருந்தால் நான் கூப்பிட்டுச் சொல்வேன், பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும். எங்கள் பிரிவில் மற்றவர்களிடமும் அப்படிச் சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
குழந்தைகள் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர்